இரண்டாவது பதிவு: பத்தமடையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதினால் வெகுமதி கிடைக்கும் தளங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த இடத்தில் கையை விடுகிறார்கள் என்று யாராவது கேட்டால், இரண்டாவது பதிவில் என்றுதான் சொல்வேன். முதல் பதிவில் யாரும் விட்டுப் போவதில்லை. பத்தாவது பதிவைத் தொட்டவர்கள் பெரும்பாலும் இருந்துவிடுகிறார்கள். இடையில் இருக்கும் அந்தச் சின்னப் பாலத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஏன் விழுகிறார்கள், ஒருவர் விழாமல் கடந்தது எப்படி என்பதை ஒரு நிகழ்வை வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. சாயங்காலத்துக்கு மேல், நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்தத் தளங்களைப் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். 2023 அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஒருவர் பத்தமடைத் தங்கச்சி. பி.காம் முடித்து, வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்து, குழந்தை பிறந்தபின் வீட்டில் இருப்பவர். இன்னொருவர் சேரன்மகாதேவித் தம்பி. கல்லூரியில் கடைசி வருடம். இங்கிலீஷ் சரளமாக எழுதுவார். இருவரும் சேர்ந்தது ஹைவ் என்ற பிளாக்செயின் சங்கிலியில் ஓடும் ஒரு தளம்; வெகுமதி கிரிப்டோ நாணயமாகத்தான் வரும். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார்கள். அந்த வாரத்திலிருந்து தை பிறக்கும் வரை, பதினைந்து வாரம், இருவரும் என்னிடம் சொன்னதையும் கேட்டதையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன்.

திரையில் தெரிந்த 9.20

இந்தத் தளங்களில் புதியவர் முதலில் போடுவது அறிமுகப் பதிவு. "நான் இன்னார், இந்த ஊர், இது பிடிக்கும்" என்று கையில் பெயர் எழுதிய தாளோடு ஒரு போட்டோ. புதியவர்களை வரவேற்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பழைய பெரிய கணக்குகள் அதற்கு ஓட்டுப் போடும். விழும் ஓட்டுதான் தொகையாக மாறும். தங்கச்சியின் அறிமுகப் பதிவுக்கு 9.20 டாலர் என்று திரையில் காட்டியது. தம்பிக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். அன்று ராத்திரி குழுவில் ஒரே கொண்டாட்டம். ஒரு பதிவுக்கு எழுநூற்று அறுபது ரூபாய் என்றால் மாதம் முப்பது பதிவுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்காத ஆளே இல்லை.

நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அது நான் செய்த பெரிய தப்பு.

ஏழு நாள் கழித்துத்தான் பணம் கணக்கில் ஏறும். திரையில் காட்டும் தொகை முழுவதும் எழுதியவருக்கு இல்லை. பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் போகும். ஆக 4.60. அதிலும் பாதிதான் டாலரை ஒட்டி வைக்கப்பட்ட ஹைவ் டாலராகக் கையில் வரும். மீதிப் பாதி 'ஹைவ் பவர்' என்று கணக்கிலேயே தங்கும். அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் 13 வாரம், வாரத்துக்கு ஒரு பங்காகத்தான் அவிழும். ஏழாம் நாள் காலையில் தங்கச்சி கணக்கைத் திறந்தபோது கையில் நின்றது 2.30, அன்றைய மாற்று விலைக்கு நூற்றுத் தொண்ணூறு ரூபாய். மனசுக்குள் எழுநூற்று அறுபது ரூபாயை ஏற்கெனவே செலவழித்து வைத்திருந்தவருக்கு அது நஷ்டமாகத் தெரிந்தது. ஒரு பைசா போடாமல் வந்த பணம், நஷ்டமாகத் தெரிந்தது.

அதற்குள் இரண்டாவது பதிவும் போட்டிருந்தார். குற்றாலம் போய்வந்தது பற்றி, நன்றாகத்தான் எழுதியிருந்தார். திரையில் 0.04.

அன்று மதியம் வந்த குரல் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, நான் எழுதுனது அவ்வளவு மோசமாவா இருக்கு? போன வாரம் நல்லா எழுதுன பிள்ளை இந்த வாரம் கெட்டுப் போயிட்டா?"

தம்பி இப்படிக் கேட்கவில்லை. அவருடைய இரண்டாவது பதிவுக்கு 0.03. மூன்றாவதுக்கு அதுவும் இல்லை, 0.02 டாலருக்குக் கீழே போனால் ஒன்றுமே ஏறாது. நான்காவது வாரம் ஒரே வரியில் செய்தி: "அண்ணாச்சி, இது நமக்குச் சரிப்படாது. விட்ருதேன்." இருவரில் நன்றாக எழுதக்கூடியவர் அவர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எழுத்துத் திறமைக்கும் நீடிப்பதற்கும் நான் கண்டவரை சம்பந்தமே இல்லை.

அந்த எண் எதை அளக்கிறது

தங்கச்சியிடம் நான் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். என் தொழிலில் இருந்துதான் உதாரணம் கிடைத்தது. நம்ம ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். கம்பெனிப் பொதுக்கூட்டத்தில் அப்படி இல்லை; எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. இந்தத் தளம் இரண்டாவது வகை. ஓட்டின் எடை, போடுகிறவர் கணக்கில் எவ்வளவு பவர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புதியவர்கள் நூறு பேர் மனசாரப் படித்து ஓட்டுப் போட்டாலும் திரையில் சைபரை ஒட்டித்தான் நிற்கும். பெரிய கணக்கு ஒன்று வந்து ஒருமுறை அழுத்தினால் பத்து டாலர் காட்டும். அந்தப் பெரிய கணக்குக்கும் வரம்பு உண்டு. முழு எடையில் ஒரு ஓட்டுப் போட்டால் அதன் சக்தியில் 2 சதவீதம் குறையும். ஒரு நாளில் 20 சதவீதம்தான் திரும்ப ஊறும். அதாவது நாளைக்குப் பத்து முழு ஓட்டு. வந்து குவியும் பதிவுகளில் பத்து.

"அப்போ அவிய என் பதிவைப் பாக்கவே இல்லையா?" என்றார்.

"பாக்கலம்மா. பிடிக்கலைன்னு அர்த்தம் இல்ல, பாக்கல."

இந்த ஒரு வாக்கியம்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது என்று பின்னாளில் சொன்னார். 0.04 என்பதை மதிப்பெண்ணாக வாசித்தால் மனசு உடையும். பத்தாம் வகுப்பிலிருந்து நாம் எண்ணைக் கண்டாலே மார்க் என்று வாசிக்கப் பழகியவர்கள். புதியவரின் கண் அங்கேதான் ஏமாறுகிறது.

எனக்கே இது புரிய வருடங்கள் ஆயின. நான் வந்தது 2017 கடைசியில், ஹைவ் பிரிவதற்கு முந்தைய ஸ்டீம் சங்கிலியின் காலத்தில். 2016இல் தொடங்கிய அந்தச் சங்கிலியின் நாணயம் 2018 ஜனவரியில் 7 டாலரைத் தாண்டி நின்றது. அப்போது என்ன எழுதினாலும் திரையில் பெரிய எண்தான். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வந்தோம். நாங்கள்தான் பெரிய எழுத்தாளர்கள் என்றிருந்தோம். அந்த ஏப்ரலில் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வந்து நாணயத்தை விற்று ரூபாயாக்கும் எக்ஸ்சேஞ்சுகளுக்கு வங்கிக் கணக்கு அடைபட்டது. வருடம் முடிவதற்குள் நாணயம் அரை டாலருக்கும் கீழே போனது. ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தினோம். அன்றைக்கு எழுத்தும் மாறவில்லை, எங்களைப் படித்தவர்களும் மாறவில்லை. விலை மட்டும்தான் மாறியது. உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது 2020 மார்ச் 4. அதே மாதம் 20ஆம் தேதி ஸ்டீமிலிருந்து பிரிந்து ஹைவ் பிறந்தது. அடுத்த வாரம் ஊரடங்கு. வீட்டில் அடைந்து கிடந்தபோது பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். மதுரைக்காரர் ஒருவர், முகம் தெரியாதவர், "ரொம்ப நாளா காணோமே, நல்லா இருக்கீங்களா?" என்று என் கடைசிப் பதிவின் கீழ் எழுதி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பதில் போடத்தான் திரும்ப வந்தேன். தங்கச்சிக்கும் இதைத்தான் சொன்னேன்.

ஐந்தாவது வாரம்

சொல்லிப் புரியவைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அடுத்த மூன்று வாரம் அவர் செய்தவை எல்லாப் புதியவர்களும் செய்பவை. எது பெரிய எண் வாங்குகிறதோ அதைப் போல எழுதினார். பிட்காயின் விலை ஏறுமா, தன்னம்பிக்கைக்கு ஐந்து வழி, காலையில் எழுந்தால் கிடைக்கும் நன்மைகள். ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தால் அப்படியே போனைத் திறந்து எண்ணைப் பார்ப்பார். மூன்று மணிக்கு 0.02, மூன்றே காலுக்கும் 0.02. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுதேன்" என்று ஓட்டு மாற்றிக்கொள்ளும் ஒரு டெலிகிராம் குழுவிலும் சேர்ந்தார். சைபர் எடையுள்ள ஓட்டுகளை மாற்றிக்கொள்வதில் என்ன கிடைக்கும்? அவர்கள் யாரும் யாரையும் படிக்கவில்லை. அது என் கண்ணுக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் அடி விழுந்தது. சூரிய உதயம் பற்றிய பதிவில் இணையத்தில் எங்கோ எடுத்த போட்டோ ஒன்றை மூலம் குறிப்பிடாமல் போட்டுவிட்டார். களவுப் பதிவுகளைக் கண்காணிக்கும் ஒரு குழுவின் கண்ணில் பட்டது. எதிர் ஓட்டு விழுந்து தொகை சைபரானது. கீழே ஒரு எச்சரிக்கை. நற்பெயர் எண் எல்லோருக்கும் 25இல் தொடங்கும். அவருடையது பாடுபட்டு ஏறிய கொஞ்சத்திலிருந்து கீழே இறங்கியது. அழுதுகொண்டே பேசினார். "களவாணின்னு எழுதிட்டாவ அண்ணாச்சி. எங்க உம்மா பாத்தா என்ன நினைப்பாவ?"

அந்த வார்த்தையை அவர்கள் எழுதவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டது. இந்த இடத்தில் நாங்கள் செய்தது ஒன்றுதான். எச்சரிக்கையின் கீழேயே, ஒளிக்காமல், தப்பு என்னுடையது, தெரியாமல் செய்தேன், படத்தை எடுத்துவிட்டேன் என்று அவர் கைப்பட எழுதினார். மறுநாள் அவர்கள் எதிர் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாள்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "என் போனில் எடுத்த போட்டோ மட்டும்தான் போடணும்னா, நான் எதைப் பத்தி எழுத? நான் வீட்டை விட்டு எங்கயும் போகலயே."

நான் கேட்டேன்: "வீட்டில் இப்போ என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்ல. உம்மா கோரை கிழிச்சிக்கிட்டு இருக்காவ."

கோரை

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் இருக்கும் பத்தமடைக்குப் பாய்தான் பெயர். புவிசார் குறியீடு பெற்ற பாய். தாமிரபரணிக் கரையோரம் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, நீளவாக்கில் கத்தியால் கிழித்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்து, வெயிலில் காயப்போட வேண்டும். நயம் பாய்க்கு அது போதாது. காய்ந்ததைக் கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறிப் பருத்ததை எடுத்து, மறுபடி காயவைத்து, மறுபடி கிழிக்க வேண்டும், நூல் மாதிரி வரும்வரை. நீளவாக்கில் ஓடும் பாவுக்குப் பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடைக்குக் கோரை. தறி தரையோடு தரையாக இருக்கும். அதன்மேல் குந்தி உட்கார்ந்து, நீளக் குச்சியில் கோரையைக் கோத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டு அடிக்க வேண்டும்.

தங்கச்சி போட்ட பதிவில் ஏழே படம். ஆறாவது படத்தை என்னால் மறக்க முடியாது. உம்மாவின் இடது கைக் கட்டைவிரல் மட்டும், கிட்டத்தில். நகத்துக்குக் கீழே சதையில் கத்தி ஓடி ஓடிப் படிந்த கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. விரலுக்கும் கத்திக்கும் நடுவில் மயிரிழை கோரை. தமிழில் நாலு பத்தி, கீழே தெரிந்த இங்கிலீஷில் சின்னச் சுருக்கம். இந்தக் கோடுகள் வந்த வயதில் தனக்கு ரிப்பன் வாங்கித் தந்தது இந்தப் பாய்க்காசுதான் என்று ஒரு வரி.

திரையில் 0.11. ஆனால் கீழே ஒரு பின்னூட்டம் இருந்தது. பிலிப்பைன்ஸில் சமார் தீவைச் சேர்ந்த ஒரு பெண். அவருடைய ஊர் பாசேய். அங்கேயும் கோரை வகைப் புல்லில் பாய் பின்னுகிறார்கள். புல்லுக்கு டிக்கோக் என்று பெயர், பாய்க்கு பனிக். அவர் கேட்டது மூன்று கேள்வி: தண்ணீரில் எத்தனை நாள்? ஊறியபின் வாடை அடிக்குமா? உன் அம்மாவுக்கும் முதுகு வலிக்கிறதா?

மூன்றாவது கேள்வியைத் தங்கச்சி உம்மாவிடம் படித்துக் காட்டினார். உம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அங்கயும் அப்படித்தான் குந்துவாவளா, கேளு" என்றாராம்.

அதன்பின் ராத்திரி மூன்று மணிப் பார்வை நின்றது என்று சொல்லமாட்டேன். பார்த்தார், ஆனால் முதலில் திறந்தது பின்னூட்டப் பக்கத்தை. வாரத்துக்கு இரண்டு பதிவு, அதற்கு மேல் இல்லை என்று அவரே வைத்துக்கொண்டார். தன் பதிவுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை மற்றவர் பதிவைப் படித்துப் பதில் எழுதக் கொடுத்தார். "அருமை" என்று போடுவதில்லை. ஒரு கேள்வியாவது கேட்பார். சாயம் பற்றி, கோரைக்கட்டு விலை பற்றி, உம்மாவின் சமையல் பற்றி எழுதினார். பத்தாவது பதிவைத் தாண்டியதை அவர் கவனிக்கவே இல்லை, நான்தான் சொன்னேன். புதியவர் ஊக்கம் இழக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்லும் ஒரே வழி, தன் பெயரைத் தேடி வரும் ஓர் ஆளைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பத்து ஆள் வேண்டாம், ஒருவர் போதும்.

டிசம்பர் 17

அந்த ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையை நம்ம ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டாம். பக்கத்துத் தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. எங்கள் அலுவலகத்தில் கீழ்த்தட்டு ஃபைல்கள் எல்லாம் போயின. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. தங்கச்சியிடமிருந்து ஐந்து நாள் எந்தத் தகவலும் இல்லை.

ஆறாம் நாள் பேசினார். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஊறப்போட்டிருந்த கோரைக்கட்டுகள் போய்விட்டன. கணக்கைத் திறந்தால் பழைய பதிவின் கீழ் பாசேய்ப் பெண்ணின் நான்கு செய்திகள். 2013 நவம்பரில் வந்த ஹையான் புயலில் வீடு இழந்தவர் அவர். கடைசிச் செய்தி: "எழுத வேண்டாம். உயிரோடு இருந்தால் ஒரு புள்ளி மட்டும் வை."

தங்கச்சி ஒரு புள்ளி வைத்தார். இரண்டு நாள் கழித்து வெள்ளத்தைப் பற்றிப் பதிவு போட்டார். அதைப் போடும்போது என்னிடம் கேட்டது: "அண்ணாச்சி, இதுக்குக் காசு வேண்டாம்னு வைக்க முடியுமா?"

முடியும். பதிவிடும்போதே வெகுமதி வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கலாம். பெரிய கணக்குகள் வந்து பார்த்த பதிவு அது. விட்டிருந்தால் அறிமுகப் பதிவைவிட அதிகம் ஏறியிருக்கும். பத்து வாரத்துக்கு முன் 0.04க்கு அழுத பிள்ளை. நான் மறுபேச்சுப் பேசாமல் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

கணக்கு

பதினைந்து வாரத்தில் கையில் எடுக்கக்கூடிய நிலையில் அவருக்குச் சேர்ந்தது ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குப் பக்கம். கோரை கிழிக்கும் கூலியோடு ஒப்பிட்டால்கூட இது ஒன்றும் இல்லை. இதை வருமானம் என்று நம்பி வேலையை விட்டுவிட்டு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே தொகையைச் சொல்கிறேன். எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்தை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க விடமாட்டார்கள். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அந்த வருடம் ஜூலை 1 முதல், விற்கும்போதே பிடித்துக்கொள்ளும் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. தங்கச்சி இதுவரை ஒன்றும் எடுக்கவில்லை. கிடைத்ததைப் பவராக மாற்றி வைக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குத் தன் ஓட்டு சைபராகத் தெரியக் கூடாதாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தளங்களில் கடவுச்சொல் தொலைந்தால் 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தி மீட்க முடியாது. சாவி போனால் கணக்கு போனது. அவர் அதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, உம்மாவின் பீரோவில், பாய் விற்ற ரசீதுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். எழுத்து எழுத்தாக இரண்டுமுறை சரிபார்க்கச் சொன்னேன்.

சேரன்மகாதேவித் தம்பியிடம் பொங்கலுக்கு முன் பேசினேன். தங்கச்சியின் பதிவுகளை அவர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். "எனக்கு எழுத அப்படி ஒரு உம்மா இல்ல அண்ணாச்சி" என்றார். அவருடைய அப்பா காருக்குறிச்சிப் பக்கம் செங்கல் சூளைக்கு லாரி ஓட்டுகிறார். அதை எழுதலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றார். அவரை அன்றைக்கு, 9.20 திரையில் தெரிந்த அந்த ராத்திரியிலேயே கூப்பிட்டுப் பேசாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பதினைந்தாம் வாரக் குறிப்பில் கடைசியாக இருப்பது தங்கச்சியின் செய்தி. குழுவில் அன்று சாயங்காலம் பேச வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வர முடியாது. புதுக் கோரை வந்துருக்கு. உம்மா ஆத்துல ஊறப்போடப் போறாவ. எத்தனை நாள் ஊறுதுன்னு பாசேய் அக்கா கேட்டாவள்லா, நான் இன்னும் சரியா எண்ணிச் சொல்லல. இந்த தடவை முதல் நாள்லேந்து கூட இருந்து எண்ணணும்."